விவேக் ராமசாமியின் மறதி நோய் மருந்து: ஒரே நாளில் முக்கால்வாசி பங்கு மதிப்பு காணாமல் போனது எப்படி?

உங்க போனுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கலாம். "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு. சோதனையில் வெற்றி. இப்பவே பங்கை வாங்கிடுங்க, விலை ஏறினா பிடிக்க முடியாது." கூடவே ஏதோ ஆய்வறிக்கையின் படம், மேலே ஏறும் பச்சைக் கோடு.

ஆதார், பான், வங்கிக் கணக்கு இருந்தால் போனிலேயே டீமேட் கணக்கு தொடங்கிவிடலாம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பவருக்கும், தி.நகரில் ஏசி அறையில் இருப்பவருக்கும் அந்த மெசேஜ் ஒரே நேரத்தில்தான் வருகிறது. ஆனால் அந்த 'ஆய்வு' நம்பத்தக்கதா இல்லையா என்று பெரிய முதலீட்டாளர்கள் ஏற்கெனவே மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருப்பார்கள். அது மெசேஜில் இருக்காது.

அப்படி ஒரு மல்லுக்கட்டின் நடுவில் இருந்தவர், தமிழ் ஊடகங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்: விவேக் ராமசாமி.

ரூ.30 கோடிக்கு வாங்கிய மருந்து, ரூ.19,000 கோடி நிறுவனம்

பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் இருந்து அமெரிக்கா போன தமிழ் பேசும் குடும்பத்தின் பிள்ளை விவேக். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆக முயன்றார். ஓஹாயோ மாநில கவர்னர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார். அரசியலில் அவர் பேர் அடிபடும்போதெல்லாம் எதிராளிகள் எடுத்துவரும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் ஆக்ஸோவன்ட்.

2014 டிசம்பர். பிரிட்டனின் மருந்து நிறுவனமான ஜிஎஸ்கே, பல ஆண்டு சோதித்துவிட்டு ஓரம் கட்டிவைத்திருந்த அல்சைமர் மருந்து ஒன்று. அதன் உரிமையை விவேக்கின் நிறுவனம் 50 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 30 கோடி ரூபாய். மருந்து உலகத்தில் இது டீச் செலவு மாதிரி. விற்பனை ஆரம்பித்தால் ராயல்டி தனி. இந்த மருந்துக்குப் பின்னால் வந்த பெயர் இன்டெபிர்டின்.

ஆறு மாதம் கழித்து, 2015 ஜூனில், ஆக்ஸோவன்ட் நியூயார்க் பங்குச் சந்தைக்கு ஐபிஓ வந்தது. ஒரு பங்கு 15 டாலர். திரட்டிய தொகை 31.5 கோடி டாலர். அதுவரை அமெரிக்காவில் வந்த பயோடெக் ஐபிஓக்களில் இதுதான் பெரியது என்றார்கள். முதல் நாளிலேயே பங்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. நிறுவனத்தின் மதிப்பு ஏறக்குறைய 300 கோடி டாலர், அதாவது அன்றைய கணக்கில் 19,000 கோடி ரூபாய். கையில் இருந்த முக்கியச் சரக்கு அந்த ஒரே மருந்து. விவேக்குக்கு அப்போது 29 வயது.

ஆறு மாதத்தில் மருந்துக்குள் எதுவும் மாறவில்லை. அதைப் பற்றிச் சொன்ன கதைதான் மாறியது.

என்ன கதை?

அல்சைமர் நோயாளிகளுக்குத் தரப்படும் டோனெபெசில் என்ற பழைய மாத்திரை, மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் கரைந்து போகாமல் தடுக்கிறது. இன்டெபிர்டின் வேறு வழியில், செரோட்டோனின் 6 என்ற ஏற்பியை அடைத்து, அதே வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஏரியில் தண்ணீர் வடியாமல் ஒரு மதகை மூடுவது பழைய மாத்திரை. வரத்துக் கால்வாயைத் திறந்துவிடுவது புது மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜிஎஸ்கே நடத்திய சோதனைகளில் 684 பேரை வைத்து நடந்த ஒன்றை ஆக்ஸோவன்ட் தூக்கிக் காட்டியது. எல்லோரும் டோனெபெசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். சிலருக்கு இந்த மருந்தும் சேர்த்து, சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 24-வது வாரத்தில் இரண்டு அளவுகோல்களில் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்பது இலக்கு. 70 மதிப்பெண் கொண்ட நினைவாற்றல் தேர்வில், கூடுதல் டோஸ் எடுத்தவர்களிடம் ஒன்றரை மதிப்பெண் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. நோயாளியின் மொத்த நிலையைப் பார்க்கும் இரண்டாவது அளவுகோலில் 24-வது வாரத்தில் தெரியவில்லை.

பாஸா, ஃபெயிலா? முதலீட்டாளர்கள் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான்.

ஒரு தரப்பு சொன்னது: "ஒரு அளவுகோலிலாவது பலன் தெரிகிறது. 12-வது வாரத்தில் இரண்டிலும் தெரிந்தது. பக்கவிளைவும் பெரிதாக இல்லை. ஜிஎஸ்கே மூளை நோய் ஆராய்ச்சியையே குறைத்துக்கொண்டதால் விட்டது, மருந்து மோசம் என்பதால் அல்ல." இன்னொரு தரப்பு: "இரண்டிலும் ஜெயிக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு ஒன்றில் ஜெயித்தால் அது தோல்வி. ஜிஎஸ்கே-யின் மற்ற சோதனைகளிலும் தெளிவான வெற்றி இல்லை. இவ்வளவு நல்ல மருந்து என்றால் 50 லட்சம் டாலருக்கா கொடுப்பார்கள்?"

இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே தரவைத்தான்.

பழவேற்காட்டு வலையை வைத்துப் பார்ப்போம்

இந்தச் சண்டை புரிய புள்ளியியல் படிக்கத் தேவையில்லை. புது வலை ஒன்றை விற்க ஒருவர் ஊருக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வலை போட்டா இறால் இரண்டு மடங்கு" என்கிறார். ஒருநாள் போட்டுக் காட்டுகிறார், நிறைய விழுகிறது. உடனே வாங்குவார்களா?

மாட்டார்கள். அன்றைக்கு முகத்துவாரம் நன்றாகத் திறந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கலாம். மழை முடிந்த சீசனாக இருக்கலாம். பக்கத்தில் அதே நேரத்தில் பழைய வலை போட்டவருக்கு எவ்வளவு விழுந்தது என்று முதலில் கேட்பார்கள். மருந்துச் சோதனையில் போலி மாத்திரை சாப்பிடும் குழு அந்தப் பழைய வலைக்காரர்.

அடுத்த கேள்வி, எந்த இடத்தில் போட்டீர்கள் என்பது. பழவேற்காட்டில் 'பாடு' முறை என்று ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் யார் மீன் பிடிப்பது என்பதைக் குலுக்கல் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருத்தருக்கே போய்விடக் கூடாது என்பதற்காக. மருந்துச் சோதனையிலும் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று குலுக்கல்தான். டாக்டர் கையில் விட்டால், தெரியாமலேகூட கொஞ்சம் தெம்பாக இருக்கும் நோயாளிக்கு மருந்து போய்விடும்.

மூன்றாவது கேள்விதான் பலரும் கேட்கத் தவறுவது. வலை வியாபாரி ஏரியில் 20 இடத்தில் வலை போடுகிறார். 19 இடத்தில் பழைய வலைக்கும் புது வலைக்கும் வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு இடத்தில் புது வலையில் நிறைய விழுகிறது. "பார்த்தீர்களா, அந்த இடத்துக்குன்னே செஞ்ச வலை இது" என்கிறார். ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, அவரே அதை நம்பலாம். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஒரு ஒப்பீட்டில் தற்செயலாக 'பலன்' தெரிய 5 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 ஒப்பீடுகளில் ஒன்றிலாவது அப்படித் தெரிய 64 சதவீத வாய்ப்பு. உதவாத வலையாக இருந்தாலும்!

அதனால்தான் மருந்துச் சோதனையில் 'முதன்மை இலக்கு' என்று ஒன்றை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை கிலோ என்று வலை போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு இடத்தை மாற்றிச் சொல்வது வேறு கதை.

எச்சரிக்கை மணி அடித்தது, சிலருக்குக் கேட்கவில்லை

இன்டெபிர்டின் மாதிரியே அதே ஏற்பியை அடைக்கும் இன்னொரு மருந்தை டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்தது. பெயர் ஐடலோபிர்டின். முந்தைய, சின்ன சோதனையில் நம்பிக்கை தந்த மருந்து. 2016 செப்டம்பரில் அதன் முதல் பெரிய மூன்றாம் கட்டச் சோதனை தோற்றது. 2017 பிப்ரவரியில் மீதி இரண்டும் தோற்றன.

ஆக்ஸோவன்ட் பங்குதாரர்கள் மறுபடி மோதினார்கள். "ஒரே வகை மருந்து, ஒரே முடிவுதான் வரும்" என்றது ஒரு பக்கம். "அவர்கள் டோஸ் வேறு, சோதனை முறை வேறு" என்றது மறுபக்கம்.

2017 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. டேவிட் ஹங் ஆக்ஸோவன்ட்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். முந்தைய ஆண்டுதான் தன் மெடிவேஷன் நிறுவனத்தை ஃபைசருக்கு 1,400 கோடி டாலருக்கு விற்றவர். "இவரே வர்றார்னா ஏதோ இருக்கு" என்று பங்கு ஏறியது. அதே மெடிவேஷனின் அல்சைமர் மருந்து ஒன்று 2010-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் படுதோல்வி அடைந்ததைச் சந்தை அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. புதிதாக ஒரு தரவும் வரவில்லை, ஒரு ஆள்தான் வந்தார்.

2017 செப்டம்பர் 26

'மைண்ட்செட்' என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது. 1,315 நோயாளிகள், 24 வாரம். நினைவாற்றல் தேர்வில் மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் இடையே வித்தியாசம் 0.36 மதிப்பெண். 70-க்கு! தற்செயலில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறனிலும் வித்தியாசம் இல்லை.

684 பேரிடம் ஒன்றரை மதிப்பெண்ணாகத் தெரிந்தது, 1,315 பேரிடம் கால் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் மேலாகச் சுருங்கியது.

ஒரே நாளில் பங்கு ஏறக்குறைய 75 சதவீதம் விழுந்தது. லூயி பாடி டிமென்ஷியா என்ற வேறொரு மறதி நோய்க்கு முயன்றதும் 2018 ஜனவரியில் தோற்றது. மருந்தைக் கைவிட்டார்கள். ஹங் விலகினார். நிறுவனம் மரபணு சிகிச்சைக்குத் தாவி, பெயரையும் மாற்றிக்கொண்டது.

யாருக்கு நஷ்டம்?

விவேக்குக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுவோம். அல்சைமர் மருந்துகள் தோற்பது புதிதல்ல. அமெரிக்காவில் 2003-க்குப் பிறகு 2021 வரை புதிதாக ஒரு அல்சைமர் மருந்துகூட அனுமதி பெறவில்லை. தோல்வி இந்தத் தொழிலில் சகஜம், தாய் நிறுவனமான ரோய்வன்ட்டும் ஆக்ஸோவன்ட் சரிவில் அடிபட்டது என்பது அவர் தரப்பு வாதம். ரோய்வன்ட் குழுமத்தில் வளர்ந்த வேறு மருந்துகள் பின்னர் அமெரிக்க அனுமதி பெற்றதும் உண்மை. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ரெலுகோலிக்ஸ் அதில் ஒன்று.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2015-ல், அதாவது ஐபிஓ உற்சாகம் உச்சத்தில் இருந்த ஆண்டில், ரோய்வன்ட்டில் தனக்கு இருந்த பங்கில் ஒரு பகுதியை விவேக் விற்றார். அந்த ஆண்டில் மட்டும் 3.7 கோடி டாலருக்கு மேல் மூலதன ஆதாயம் வந்தது என்பது அதிபர் தேர்தலின்போது அவரே வெளியிட்ட வருமான வரி ஆவணங்களில் தெரிந்தது. சட்டப்படி இதில் தவறு இல்லை. ஆனால் 2017-ல் 20 டாலருக்கு மேல் கொடுத்து ஆக்ஸோவன்ட் வாங்கிய சின்ன முதலீட்டாளருக்கு அப்படி ஒரு 2015 கிடைக்கவில்லை.

பங்கு வாங்காத இன்னொரு கூட்டமும் நஷ்டப்பட்டது. அப்பாவோ அம்மாவோ தன் பெயரையே மறந்துகொண்டிருக்க, 'சோதனையில் நம்பிக்கை' என்ற தலைப்பைப் படித்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள். அவர்களுடைய நஷ்டம் எந்தப் பங்குச் சந்தைத் திரையிலும் வராது.

30 பேர் சோதனை: நம்ம ஊர் உதாரணம்

அமெரிக்கக் கதைதானே என்று விட்டுவிட முடியாது. 2020 ஜூலையில், கொரோனா உச்சத்தில், பெங்களூருவின் பயோகான் நிறுவனத்தின் இடோலிசுமாப் ஊசியைத் தீவிர கொரோனா நோயாளிகளுக்கு அவசரப் பயன்பாடாகத் தர இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. சொரியாசிஸ் தோல் நோய்க்கு ஏற்கெனவே இருந்த ஊசி இது. ஒரு வயல் ரூ.7,950. நான்கு வயல் என்றால் சுமார் 32,000 ரூபாய்.

ஆதாரம்? 30 பேர். மருந்து எடுத்த 20 பேரில் யாரும் இறக்கவில்லை. எடுக்காத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். போலி ஊசி கிடையாது, யாருக்கு மருந்து என்பது டாக்டர்களுக்கும் தெரியும்.

0-வும் 3-ம் பார்க்கப் பெரிய வித்தியாசம். கணக்குப் போட்டால், மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இந்த 3 மரணங்களும் தற்செயலாக அந்த 10 பேர் பக்கமே விழ 100-க்கு 3 வாய்ப்பு. குறைவுதான். ஆனால் இதையும் கவனியுங்கள்: அந்த மூவரில் ஒருவர் பிழைத்திருந்தாலோ, மருந்து எடுத்தவர்களில் ஒருவர் இறந்திருந்தாலோ, அந்த வாய்ப்பு 100-க்கு 9, 10 என்று ஏறிவிடும். 'தற்செயல் அல்ல' என்று சொல்லும் தகுதியே போய்விடும். ஒரே ஒரு உயிர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவதில் தீர்ப்பு மாறுகிறது என்றால், அதை எவ்வளவு நம்புவது?

பயோகானின் கிரண் மஜும்தார் ஷா பொதுவெளியில் மருந்தை ஆதரித்துப் பேசினார். நெருக்கடி நேரத்தில் பெரிய சோதனை முடியும்வரை காத்திருக்க முடியாது என்ற வாதம் முழுக்கத் தள்ளிவிடக் கூடியதும் அல்ல. ஆனால் மத்திய அரசின் கொரோனா நிபுணர் குழு, ஆதாரம் போதாது என்று இந்த மருந்தைத் தேசிய சிகிச்சை நெறிமுறையில் சேர்க்கவில்லை. ஒரு அமைப்பு அனுமதி தருகிறது, இன்னொரு குழு பரிந்துரைக்க மறுக்கிறது. மெசேஜில் வந்தது முதல் பாதி மட்டும்.

இன்டெபிர்டினின் உறவுக்காரர், ஹைதராபாத்தில்

செரோட்டோனின் 6 ஏற்பியை அடைக்கும் மருந்துகளின் கதை ஆக்ஸோவன்ட்டோடு முடியவில்லை. மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஹைதராபாத் நிறுவனம் சுவென் லைஃப் சயின்சஸ், மாசுபிர்டின் என்ற மருந்தை வைத்திருக்கிறது. அதே ஏற்பி, அதே அல்சைமர். அமெரிக்காவில் சுமார் 560 நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை நடத்தினார்கள். 2019 நவம்பரில் முடிவு வந்தது. நினைவாற்றல் தேர்வு என்ற முதன்மை இலக்கு நிறைவேறவில்லை.

நிறுவனம் தரவை மறுபடி அலசியது. நோயின் ஒரு பகுதியாகவே கொந்தளிப்பு, ஆவேசம், அடிக்க வருவது போன்ற தொல்லை ஆரம்பத்திலேயே இருந்த நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், அந்தத் தொல்லை குறைந்ததாகத் தெரிந்தது. வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், மறதியைவிட அதுதான் குடும்பத்தை நொறுக்கும்.

'20 இடத்தில் வலை போட்ட கதை' நினைவுக்கு வருகிறதா? வர வேண்டும். ஆனால் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. சுவென் அந்தக் கண்டுபிடிப்போடு நிற்காமல், கொந்தளிப்பையே முதன்மை இலக்காக முன்கூட்டி எழுதிவைத்துத் தனியாக ஒரு மூன்றாம் கட்டச் சோதனையில் இறங்கியது. அதாவது, "அந்த ஒரு இடத்தில் விழுந்தது உண்மைதானா" என்று பார்க்க, அதே இடத்தில் மறுபடி வலை போடுகிறார்கள். அறிவியலில் இது சரியான வழி. ஆனால் சரியான வழியில் சோதிக்கிறார்கள் என்பதும் மருந்து வேலை செய்யும் என்பதும் ஒன்றல்ல. ஆக்ஸோவன்ட்டின் மைண்ட்செட்டும் சரியான வழியில் நடந்த சோதனைதான். பங்கு வாங்கச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புவார்கள்.

இதையெல்லாம் சரிபார்க்க வெளிநாட்டு அலுவலகத்தில் ஆள் வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடக்கும் சோதனைகளின் பதிவேடு இணையத்தில் இலவசம். இந்தியாவில் நடப்பவை சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் இருக்கும். 2009 ஜூனில் இருந்து இங்கே பதிவு கட்டாயம். மருந்தின் பெயரைப் போட்டால் எத்தனை பேர், போலி மாத்திரைக் குழு உண்டா, முதன்மை இலக்கு என்ன என்று வரும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது ஒரு குறை. போனின் மொழிபெயர்ப்பு ஓரளவு கைகொடுக்கும். அமெரிக்கப் பதிவேட்டில் இலக்கை நடுவில் மாற்றியிருந்தால் பழைய பதிப்பும் தேதியோடு கிடைக்கும்.

அடுத்த முறை 'சோதனையில் வெற்றி' என்று மெசேஜ் வந்தால், நிறுவனம் பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிக்கையைத் திறந்து, முதல் பத்தியில் 'முதன்மை இலக்கு' என்ற சொல்லைத் தேடுங்கள். நிறைவேறியிருந்தால் அதைத்தான் முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள். 'குறிப்பிட்ட பிரிவு நோயாளிகளிடம்', 'ஊக்கமளிக்கும் போக்கு' என்றெல்லாம் ஆரம்பித்தால், கீழே நான்காவது ஐந்தாவது பத்தி வரைக்கும் இறங்கிப் போய்ப் பாருங்கள். அங்கேதான் இருக்கும்.